கூப்பிட்டுக்கொண்டே மேலே வாருங்கள்

மொன்றியலுக்குப் பக்கத்து லவாலில் நான் வேலை செய்த டைவிங் கடையில் இப்போது பாடம் எல்லாம் கைப்பேசியிலேயே முடிந்துவிடுகிறது. மாணவர்கள் வீட்டிலும் மெத்ரோவிலும் இருந்தபடி படங்களைப் பார்த்து, கேள்விகளுக்குப் பதில் அழுத்திவிட்டு, நேரே தண்ணீருக்கு வந்துவிடுகிறார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகும் இடைக்கிடை அங்கே போய் ஒரு கோப்பி குடித்துவிட்டு வருவேன். போன முறை போனபோது, என் இடத்துக்கு வந்திருக்கும் பயிற்சியாளர் மெலனி ஒரு கேள்வி கேட்டாள். நான் மாணவர்களைத் தண்ணீரில் இறக்கும் முன்னர் ஆளுக்கொரு பெயரைத் தெரிவு செய்யச் சொல்வேனாம், மேலே வரும்போது அந்தப் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே வரவேண்டுமாம், பழைய மாணவர்கள் சொன்னார்களாம். கைப்பேசிப் பாடத்தில் அப்படி ஒன்றும் இல்லை. அதனால், "அது உங்கள் நாட்டு வழக்கமா?" என்று கேட்டாள்.

"எங்கள் நாட்டு வழக்கம் அதற்கு நேர் எதிரானது" என்று சொல்லத் தொடங்கினேன். அதற்குள் அவளுக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது. பாதியில் நின்ற கதையை வயிற்றில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வர எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். தமிழில் எழுதினால் மெலனிக்கு விளங்காதுதான். ஆனால் இதைத் தெரிந்திருக்கவேண்டியவர்கள் எங்கள் ஆட்களிலும் இருக்கிறார்கள்.

நான் கடற்கரை ஆள் இல்லை. சுன்னாகத்தில் கிணற்றுத் தண்ணீரை வாளியில் அள்ளிக் குளித்து வளர்ந்தவள். கல்யாணம் கட்டி, கணவர் ஸ்பொன்சர் செய்ய மொன்றியலுக்கு வந்து, சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன். மகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போன இடத்தில், சும்மா வாங்கில் குந்தியிருப்பதைவிட நாமும் இறங்கினால் என்ன என்று இறங்கியதுதான் தொடக்கம். தொழிற்சாலையில் ஆட்குறைப்பு வந்தபோது டைவிங் கடையில் ரப்பர் உடுப்புகள் கழுவும் வேலை கிடைத்தது. கழுவினேன், கிழிந்ததைத் தைத்தேன், சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்பினேன், பிறகு பரீட்சைகள் எழுதிப் பயிற்சியாளர் ஆனேன். இதை எழுத ஒரு நிமிடம் போதும். நடந்து முடிய என் மகள் பள்ளிக்கூடம் முழுவதையும் முடித்துவிட்டாள். என் கணவர் ஆட்களுக்கு என்னை அறிமுகம் செய்வது இப்படித்தான்: "மீன் கழுவ மூக்கைப் பொத்துற மனுசி. இப்ப மீனோடதான் உத்தியோகம்."

கடையின் சொந்தக்காரி கொலெட். கட்டையான உருவம், ஒட்ட வெட்டிய நரைத்த தலை, பிரெஞ்சைத் தவிர வேறு மொழி பேச விருப்பமில்லாத ஆள். கோபம் வந்தால் அவருடைய குரல் உயராது, இறங்கும். அவர் மெதுவாகக் கதைக்கத் தொடங்கினால் நாங்கள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கேட்போம். மாணவர் ஒருவரும் அவருடைய கை படாமல் தண்ணீருக்குப் போனதில்லை. ஒவ்வொரு வாரையும் இழுத்துப் பார்ப்பார். சிலிண்டரின் வால்வைத் தானே திறந்து பார்ப்பார். மாணவர் ரெகுலேட்டரில், அதாவது வாயில் கடித்து மூச்செடுக்கும் கருவியில், இழுத்துவிடும் மூச்சைக் கண்ணை மூடிக் காதால் கேட்பார். கடைசியாக எதிரில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "மேலே வரும்போது என்ன செய்வாய்?"

அதற்கு வாயால் பதில் சொல்லக்கூடாது. செய்து காட்டவேண்டும். தலையை நிமிர்த்தி, ஒரு கையை மேலே தூக்கி, "ஆ" என்று மூச்சை விட்டுக்கொண்டே நிற்கவேண்டும். கொலெட் போதும் என்று தலையாட்டும்வரை விடவேண்டும். ஆழத்தில் எடுக்கும் காற்று நெருக்கப்பட்ட காற்று. மேலே வரவர அது விரியும். வாயைத் திறந்து விட்டால் அது தன் பாட்டில் வெளியே போய்விடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தால் அதற்குப் போக வழியில்லை, நுரையீரலைக் கிழித்துக்கொண்டு போகும். எங்கள் தொழிலில் முதலாவது விதி, மூச்சைப் பிடிக்காதே என்பதுதான். ஆழமான கடலில் மட்டும்தான் இந்த ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கடைசிச் சில மீற்றரில்தான் காற்று ஆகக் கூடுதலாக விரிகிறது.

ஒரு மாரிகாலத்தில் புவாண்ட்-கிளேர் நீச்சல் குளத்தில் நடந்த வகுப்புக்குச் சூசை அண்ணை வந்தார். மன்னார் ஆள். சென்ட் லோரன்டில் ஒரு களஞ்சியத்தில் பாரம் ஏற்றும் வேலை. அவருடைய மகள் சுபாவுக்குத்தான் டைவிங் ஆசை. தண்ணீருக்குள் எப்போதும் இரண்டு இரண்டு பேராகத்தான் இறங்கவேண்டும் என்று கேள்விப்பட்டதும், வேறு ஆரோடும் என் பிள்ளையை விடமாட்டேன் என்று தகப்பனும் சேர்ந்துவிட்டார். அவர்களுடைய பங்குக் கோயிலில் எல்லோருக்கும் இது பகிடி. மீன் குஞ்சுக்கு ஆராவது காசு கட்டி நீந்தப் பழக்குவார்களா என்று கேட்டார்களாம்.

பகிடியிலும் நியாயம் இருந்தது. அவருடையது சங்கு குளிக்கப் போன குடும்பம். சிலிண்டர், ரெகுலேட்டர் ஒன்றும் இல்லாமல், மேலே ஒரு மூச்சை நிறைய இழுத்துக்கொண்டு, கல்லைப் பிடித்து அடிக்குப் போய், சங்கைப் பொறுக்கிக்கொண்டு வருகிற ஆட்கள். முதல் நாளே, மற்ற மாணவர்கள் முகமூடிக்குள் தண்ணீர் போகிறது என்று தவித்துக்கொண்டிருக்க, இவர் குளத்தின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்குத் தண்ணீருக்கு அடியால் போய், திரும்பியும் வந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். கொலெட் தட்டவில்லை. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"இந்த வகுப்பில் ஆக ஆபத்தான ஆள் இவர்தான்" என்றார், குரலை இறக்கி. "இவர் உன்னுடைய ஆள். இவரைவிட்டு ஒரு கை தூரத்துக்கு மேல் போகாதே."

எனக்கு அப்போது கொஞ்சம் சினம்தான் வந்தது. எங்கள் ஆள் ஒருவர் எல்லோரையும்விட நன்றாகச் செய்ததும் இவருக்குப் பொறுக்கவில்லையோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அன்று பின்னேரத்துக்குள் விளங்கிவிட்டது. சூசை அண்ணைக்கு ரெகுலேட்டர் வாயில் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. அதைக் கழற்றி மறுபடி போடும் பயிற்சியில், கழற்றிய உடனே உதட்டை இறுக்கிப் பூட்டிவிடுவார். மற்றவர்கள் சொன்னபடி சின்னச் சின்னக் குமிழியாக மூச்சை விட, இவர் சிலை போல இருப்பார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். அந்தப் பழமொழி அன்றைக்குத்தான் எனக்குப் பயம் காட்டியது.

"அண்ணை, மூச்சை விடவேணும்" என்றேன்.

"எனக்கு மூச்சு ஒரு பிரச்சினையே இல்லை, தங்கச்சி. இன்னும் எவ்வளவு நேரமும் பிடிப்பன்."

"அதுதான் பிரச்சினை. பிடிச்சுக்கொண்டு மேல வந்தா நெஞ்சு வெடிக்கும்."

அவர் சிரித்தார். "சின்ன வயசில இருந்து பிடிச்சுக்கொண்டுதானே மேல வந்தனான். இன்னும் ஆள் இருக்கிறன்தானே?"

"அது நீங்கள் மேல இருந்து கொண்டுபோன காத்து, அண்ணை. போன அளவுதான் திரும்பி வரும். இது கீழ வாங்குற காத்து. மேல வர ரெண்டு மடங்காகும்."

தலையை ஆட்டினார். தலைக்கு விளங்கியது, உதட்டுக்கு விளங்கவில்லை. அடுத்தடுத்த வகுப்புகளிலும் அப்படியே. "ஆ" என்று சத்தம் போடச் சொன்னால், இத்தனை பேருக்கு முன்னால் வளர்ந்த மனிதன் மாடு மாதிரிக் கத்துவதா என்று வெட்கம் வேறு. கொலெட் அவருக்குச் சித்திப் பத்திரம் தரப்போவதில்லை என்றார். நான் வாதாடினேன். அந்தத் தகப்பன் இல்லையென்றால் மகள் வேறு ஒரு தெரியாத ஆளோடு இறங்குவாள், இவர் தண்ணீரில் பயந்து மற்றவரை மிதிக்கிற ஆளும் இல்லை என்றேன்.

வழி தற்செயலாகக் கிடைத்தது. ஒருநாள் சுபா குளத்தின் மறு பக்கத்தில் வாரைப் பூட்டாமலே ஆழமான பகுதிக்குப் போகப் பார்த்தாள். தண்ணீருக்குள் இருந்த சூசை அண்ணை ரெகுலேட்டரைக் கழற்றி, "சுபா" என்று கத்தினார். அந்தக் கடைசி எழுத்து நீண்டுகொண்டே போக, குமிழிகள் கொத்துக் கொத்தாக மேலே போயின. கொலெட் குளத்தின் ஓரத்தில் நின்றபடி ஒரு விரலைத் தூக்கினார். "அதுதான்" என்றார். "மகளைக் கூப்பிடச் சொல்லு."

அன்றிலிருந்து சூசை அண்ணை ரெகுலேட்டரைக் கழற்றும்போதெல்லாம் மகளைக் கூப்பிட்டார். வெட்கம் போய்விட்டது. பிள்ளையைக் கூப்பிடுவதில் என்ன வெட்கம்? சுபாவுக்குத்தான் கூச்சம். "அன்ரி, முழுக் குளத்துக்கும் என்ர பேர் தெரிஞ்சுபோச்சு" என்று முறைப்பட்டாள். கொலெட் பல தடவை சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் கடல் பயிற்சிக்குக் கையெழுத்து வைத்தார்.

கியூபெக்கின் ஏரிகள் புதியவர்களுக்குக் கொடுமையானவை. குளிர், கையை நீட்டினால் விரல் தெரியாத கலங்கல். அதனால் எங்கள் கடை ஒவ்வொரு வருடமும் கோடை முடியும் நேரத்தில் ஒரு சிறு குழுவை மால்டாத் தீவுக்குக் கொண்டுபோகும். அங்கே ஒரு சின்னக் குடா. மூன்று பக்கமும் மஞ்சள் நிறப் பாறை, எந்தக் காற்று அடித்தாலும் உள்ளே அலை வராது. பாறையில் வெட்டிய படிகளால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தே இறங்கலாம். இடுப்பு ஆழத்தில் நின்று கால்துடுப்புகளை மாட்டிக்கொள்ளலாம். பிறகு கடற்புல்லும் மணலுமாக மெல்லச் சரிந்து ஒன்பது, பத்து மீற்றருக்குப் போகும். தண்ணீர் அவ்வளவு தெளிவு. அடியில் இருந்து பார்த்தால் மேலே கட்டிவிட்டிருக்கும் மிதவையைப் பிடித்து விளையாடும் பிள்ளைகளின் கால்கள் தெரியும்.

"இந்தக் குடாவில் பயப்பட ஒன்றும் இல்லை" என்று கொலெட் படியில் நின்று சொன்னார். "அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை."

முதல் நாள் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் நாள் காலை கொலெட் மற்ற மாணவர்களோடு முன்னால் போனார். தகப்பனும் மகளும் என்னோடு. படியில் வழக்கம்போலக் கேள்வி கேட்டேன். சுபா கையைத் தூக்கி "ஆ" என்று காட்டினாள். சூசை அண்ணை மகளின் பெயரைக் கூப்பிட்டுக் காட்டினார். பக்கத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரச் சோடி எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

கீழே மணல் திட்டு வரை அழகாகப் போனோம். நான் சூசை அண்ணையின் இடது பக்கம், ஒரு கை தூரத்தில். சுபா அவருடைய வலது பக்கம். ஒரு கணவாய் மீன் கல்லிடுக்கில் நிறம் மாறிக்கொண்டிருந்தது. அதைச் சுபாவுக்குக் காட்டினேன். அவள் குனிந்தபோது தலைமயிர் ஒரு கற்றை முகமூடியின் விளிம்புக்குள் அகப்பட்டு, உள்ளே தண்ணீர் ஏறியது. சின்ன விஷயம். மூக்கால் ஊதினால் வெளியே போய்விடும். நான் கையால் காட்டத் தொடங்கினேன். ஆனால் அவள் மூக்கால் உள்ளே இழுத்துவிட்டாள். இருமல் வந்தது. இருமலோடு ரெகுலேட்டர் வாயிலிருந்து கழன்றது. அவளுடைய கை கழுத்தைக் குறுக்காக வெட்டிக் காட்டியது. எனக்குக் காற்று இல்லை என்ற சைகை அது.

சிலிண்டர் நிறையக் காற்று இருந்தது. பயந்தவளுக்கு அது எப்படித் தெரியும்? நான் சூசை அண்ணையைச் சுற்றி அவளிடம் போக எடுத்த அந்த நேரத்துக்குள் அவர் முந்திவிட்டார். ஒவ்வொருவருடைய நெஞ்சிலும் மஞ்சள் நிறத்தில் மேலதிகமாக ஒரு ரெகுலேட்டர் தொங்கும். ஆபத்தில் மற்றவருக்குக் கொடுப்பதற்கு. அதைத்தான் கொடுக்கவேண்டும் என்று எத்தனை தடவை பழக்கியிருக்கிறோம். அவர் அதைத் தொடவே இல்லை. தன் வாயில் இருந்ததைக் கழற்றி மகளுடைய வாயில் வைத்தார். உதட்டை இறுக்கிப் பூட்டினார். அவளை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, காலை உதைத்து, வெளிச்சத்தை நோக்கிக் கிளம்பிவிட்டார்.

குளத்தில் படித்த அவ்வளவும் ஒரே அடியில் போய்விட்டது. பிள்ளைக்கு மூச்சில்லை, எனக்கு இருக்கிறது, கொடுத்துவிட்டு மேலே கொண்டுபோகிறேன். எந்தத் தகப்பனும் அதைத்தான் நினைப்பான். ஆனால் எல்லாத் தகப்பனும் அப்படி உதட்டைப் பூட்டிக்கொண்டு அமைதியாகப் போகமாட்டான். மற்றவனுக்கு மூச்சு முட்டி வாய் திறந்துவிடும், அந்தத் தவிப்பே அவனைக் காப்பாற்றும். இவருக்குத் தவிப்பே இல்லை.

நான் பாய்ந்து அவருடைய சிலிண்டர் வாரைப் பிடித்தேன். மிதப்பதற்குக் காற்று அடைக்கும் என் மிதவைச் சட்டையில் இருந்த காற்றை வெளியே விட்டேன். அவருடைய சட்டையின் காற்றையும் வால்வை இழுத்து வெளியேற்றினேன். மூன்று பேரும் நடுத் தண்ணீரில் நின்றோம். சுபா அவருடைய ரெகுலேட்டரில் மூச்செடுத்துக்கொண்டிருந்தாள், கண் மட்டும் பெரிதாக. என் மஞ்சள் ரெகுலேட்டரை எடுத்து அவர் வாயில் வைக்கப் போனேன். முகத்தைத் திருப்பினார். வேண்டாம், எனக்குத் தேவையில்லை, அவளைப் பாருங்கோ என்று உள்ளங்கையால் காட்டினார். வாயிலிருந்து விரலை விரித்து, மூச்சை விடுங்கோ என்று காட்டினேன். மாட்டேன் என்று தலையை ஆட்டி மேலே சுட்டினார். மேலே வெயில் நீரில் உடைந்து ஆடிக்கொண்டிருந்தது. எட்டிப் பிடிக்கலாம் போலிருந்தது. அவர் மறுபடி உதைத்தார். பாரம் ஏற்றின கால் அது. நானும் சேர்ந்து மேலே போனேன்.

மூச்சு வெளியே வரட்டும் என்று அவருடைய வயிற்றில் குத்தினேன். பலகையில் குத்தினது போலத்தான். அந்த நேரம் எனக்கு இருந்தது வெறும் பயம். இந்த மனிதன் பிள்ளையை அணைத்தபடி, அமைதியான முகத்தோடு, என் கைக்குள் சாகப் போகிறான் என்று நினைத்தேன்.

பிறகுதான் குளத்தின் ஓரத்தில் கொலெட் தூக்கின விரல் நினைவுக்கு வந்தது. என் ரெகுலேட்டரைக் கழற்றினேன். அவருடைய முகத்துக்கு நேரே என் முகத்தைக் கொண்டுபோய், சுபாவைக் காட்டி, "சுபா" என்று கூப்பிட்டேன். தண்ணீருக்குள் சத்தம் நன்றாகவே கேட்கும். சுபா திரும்பினாள். அவர் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். மகள் ஓம் என்று தலையை ஆட்டினாள். அவருடைய உதடு திறந்தது.

அவர் கூப்பிட்டார். குமிழிகள் என் முகமூடியில் மோதிக்கொண்டு போயின. கூப்பிட்டு முடியும் நேரத்தில் மஞ்சள் ரெகுலேட்டரை வைத்தேன். வாங்கிக் கடித்தார். நானும் என்னுடையதை மறுபடி வாயில் வைத்தேன். மூன்று பேரும் ஒருவரையொருவர் பிடித்தபடி, மிக மெதுவாக மேலே வந்தோம்.

கரையில் அவருக்கு என்மேல் பொல்லாத கோபம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று கத்தினார்.

"ஏன் தங்கச்சி என்னைப் பிடிச்சு இழுத்தனீங்கள்? பிள்ளை சாகக் கிடக்கேக்க வயித்தில குத்துறீங்கள். நான் கேட்டனானே உங்களிட்ட காத்து?"

கொலெட் தன் மாணவர்களைக் கரையேற்றிவிட்டு வந்து, என் முகத்தைப் பார்த்ததும் ஒட்சிசன் பெட்டியைத் திறந்துவிட்டார். சூசை அண்ணையைப் படுக்க வைத்தோம். நுரையீரலில் இருந்து காற்று இரத்தத்துக்குள் போயிருந்தால் முதலில் மூளைதான் காட்டும். அதற்குச் சில சோதனைகள் இருக்கின்றன. கொலெட் பிரெஞ்சில் சொல்ல நான் தமிழில் சொன்னேன்.

"அண்ணை, ரெண்டு கையையும் தூக்குங்கோ."

தூக்கினார், முணுமுணுத்துக்கொண்டு.

"கண்ணை மூடி மூக்கைத் தொடுங்கோ."

தொட்டார்.

"இப்ப ஒருக்காச் சிரியுங்கோ."

"சிரிக்கவோ?" என்றார். "உங்களைப் பாத்தோ?"

முகத்தின் இரண்டு பக்கமும் ஒன்றாக அசைகிறதா என்று பார்க்கவேண்டும். கோபத்தில் இருக்கும் மனிதனைச் சிரிக்க வைப்பது லேசான வேலையில்லை. கடைசியில் சுபாதான் அழுதுகொண்டே, "அப்பா, சிரியுங்கோவன்" என்றாள். பல்லைக் காட்டினார். இரண்டு பக்கமும் சரியாக இருந்தது.

"எனக்கு ஒண்டும் இல்லை. தண்ணி தாங்கோ" என்றார்.

சுபா குனிந்து அவரைப் பார்த்தாள். "அப்பா, உங்கட குரல் என்ன ஒரு மாதிரிக் கிடக்கு?"

நான் கோபத்தின் குரல் என்று எண்ணியிருந்தேன். மகளுக்கு வித்தியாசம் தெரிந்தது. மூக்கால் கதைப்பது போல, மெலிந்து, வேறு யாருடையதோ போல இருந்தது. கொலெட் அவருடைய ரப்பர் உடுப்பின் கழுத்தைத் திறந்து, கழுத்தெலும்புக்கு மேலே விரலால் அழுத்தினார். பிறகு என் கையை எடுத்து அதே இடத்தில் வைத்தார். தோலுக்குக் கீழே மெல்லிய மொறுமொறுப்பு. புதிதாகப் பெய்த பனியை மிதித்தால் வருமே, அது. நுரையீரலில் இருந்து காற்று கசிந்து கழுத்துவரை ஏறியிருந்தது.

"என்ன?" என்றார் சூசை அண்ணை. எங்கள் இரண்டு பேருடைய முகத்தையும் பார்த்ததும் அவருடைய கோபம் போய்விட்டது.

"நெஞ்சில சின்னக் கிழிசல், அண்ணை. கதைக்காமல் இருங்கோ. அம்புலன்ஸ் வருது."

ஆஸ்பத்திரி நடையில் சுபாவும் நானும் இருந்தோம். என்னால்தான், என்னால்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். முகமூடிக்குள் தண்ணீர் போனதற்கு ஆரும் சாகிறதில்லை, பிள்ளை, என்றேன். ஆறுதலாகச் சொல்ல எனக்கு வரவில்லை. எனக்கே பயம். இன்னும் ஒரு உதை உதைத்து மேலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம். கொலெட் எங்களுக்கு எதிரே நின்றபடியே இருந்தார். இருக்கச் சொன்னாலும் இருக்கவில்லை.

வைத்தியர் வந்து, உயிருக்கு ஆபத்தில்லை என்றார். சில நாள் ஒட்சிசனோடு படுத்திருக்கவேண்டும். அதுவரை விமானமும் கூடாது. ஆனால் ஒன்று, இனி வாழ்நாளில் சிலிண்டர் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கக்கூடாது. ஒருமுறை கிழிந்த நுரையீரலை நம்ப முடியாது.

அதைச் சூசை அண்ணைக்குத் தமிழில் சொல்லவேண்டியது நான்தான். சொன்னேன்.

"அந்த மஞ்சளைக் குடுத்திருக்கவேணும், என்ன?" என்றார்.

"ஓம் அண்ணை."

"என்ர வாயில இருந்தது வேலை செய்யுது எண்டு எனக்குத் தெரியும். மஞ்சளை நான் பாவிச்சுப் பாக்கேல்லை. பிள்ளைக்கு எப்பிடிக் குடுக்கிறது, தங்கச்சி?"

கொலெட்டுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அடுத்த வகுப்பிலிருந்து எங்கள் மாணவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் மஞ்சள் ரெகுலேட்டரில் தாங்களே மூச்செடுத்து நீந்தவேண்டும் என்று விதி வந்தது. மேலே வரும்போது கூப்பிட ஆளுக்கொரு பெயரும் வைத்திருக்கவேண்டும். வெறும் "ஆ" அவசரத்தில் மறந்துபோகும், விருப்பமான பெயர் மறக்காது என்றார் கொலெட். மெலனி கேட்ட வழக்கம் அங்கேதான் தொடங்கியது.

சுபா அந்த முறை பயிற்சியை முடிக்கவில்லை. நானும் இனி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். அடுத்த வருடம் வந்தாள், மீதியை முடிக்க. தகப்பனும் கூட வந்தார். "பை தூக்க ஒரு ஆள் வேணும்தானே" என்றார்.

அதே குடா, அதே படி. கொலெட் சுபாவை எதிரில் நிறுத்தி வார்களை இழுத்துப் பார்த்தார், கேள்வியைக் கேட்டார். அவள் தெரிவு செய்த பெயர் "அப்பா". கடைசிப் பயிற்சி அவளுக்கு மிச்சம் இருந்தது. காற்று தீர்ந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, அடியிலிருந்து ஒரே மூச்சில், கூப்பிட்டுக்கொண்டே மேலே வரவேண்டும். கொலெட் பக்கத்தில் ஒரு கையால் பிடித்தபடி கூட வருவார். கரையைப் பார்த்துக்கொள்வது அன்று என் வேலை.

இரண்டு தலைகளும் நீருக்குள் போயின. குமிழிகள் மிதவைப் பக்கம் நகர்ந்து, ஒரு இடத்தில் நின்றன. சூசை அண்ணை கடைசிப் படியில், கணுக்கால் தண்ணீருக்குள், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஒட்சிசன் பெட்டியைச் சரிபார்த்துவிட்டு நிமிர்ந்தபோது அவருடைய முகத்தைக் கண்டேன். உதடு பூட்டியிருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நெஞ்சு அசையவில்லை. மற்றவர்களின் மூச்சைப் பார்த்துக்கொண்டிருப்பதுதானே என் உத்தியோகம். பார்த்துக்கொண்டே நின்றேன். அசையவே இல்லை.

கிட்டப் போய் முதுகில் கையை வைத்தேன். "அண்ணை, மூச்சை விடுங்கோ."

திடுக்கிட்டு, பெரிதாக ஒரு மூச்சை விட்டார். "விட்டுக்கொண்டுதான் நிக்கிறன் எண்டு நினைச்சன்" என்றார்.

"கூப்பிடுங்கோ."

"இஞ்ச நிண்டு கூப்பிட்டா அவளுக்குக் கேக்குமோ?"

"கேக்காது. நீங்கள் கூப்பிடுங்கோ."

வெயில் காய்பவர்கள் இருந்தார்கள், பிள்ளைகள் இருந்தார்கள். அவர் ஒருவரையும் பார்க்கவில்லை. முதலில் மெதுவாக, பிறகு பங்குக் கோயிலில் பாடுகிற குரலில், மகளின் பெயரைக் கூப்பிட்டார். முடிந்ததும் மூச்சை எடுத்து மறுபடி கூப்பிட்டார். மிதவைப் பக்கத்தில் குமிழிகள் பெருகி, நீர் வெண்மையானது. கொலெட்டின் தலை வந்தது. பக்கத்தில் சுபாவின் தலை வந்தது. ரெகுலேட்டரைத் துப்பிவிட்டு, இன்னும் முடிக்காமல், அப்பா, அப்பா என்று கத்திக்கொண்டிருந்தாள். சூசை அண்ணை படியில் குந்தி, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அவருடைய முதுகு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் மூச்சு எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று உறுதியாகத் தெரிந்தபிறகு, நான் துவாயை எடுத்துக்கொண்டு சுபாவைக் கரையேற்றப் போனேன்.